ப்ளூ லாரலின் பன்னிரண்டாம் எண் லாரி

அக்டோபர் 2, திங்கள்

இன்று முப்பத்தெட்டு கம்பெனிகள். இருபத்தொன்பது பச்சை, ஆறு சிவப்பு, மூன்றை நாளை பார்க்க வேண்டும்.

சிவப்பில் ஒன்று மெம்பிஸ் ஊர் லாரிக் கம்பெனி. பதினெட்டு லாரி இருப்பதாக அதன் முதலாளி அரசாங்கப் பதிவேட்டில் எழுதியிருக்கிறான். முகவரியைத் தேடிப் பார்த்தால் நகத்துக்கு வர்ணம் பூசும் கடை. பதினெட்டு லாரியையும் நகப்பூச்சு அலமாரியிலா நிறுத்துகிறாய் என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை. "முகவரி சரியில்லையே சார்" என்றேன். "மாறிட்டோம் மேடம்" என்றான். எங்கே என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான். பத்தொன்பது வருடமாக, சரக்குக்கு லாரி பிடித்துக் கொடுக்கும் இந்தத் தரகு அலுவலகத்தில் எனக்கு இதுதான் பிழைப்பு. சரக்கை ஒருவன் லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் அந்த லாரிக்காரனின் பதிவு, இன்சூரன்ஸ், விபத்துக் கணக்கு எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்து நல்லவன் என்றால் பச்சை, கெட்டவன் என்றால் சிவப்பு போட வேண்டும்.

என் புருஷன் ராய்ஸ் இன்று லாரி ஓட்டும் வேலைக்குப் போனான். பதினான்கு மாதத்துக்குப் பிறகு. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்ததும் ஓட்டுநர் மருத்துவச் சான்று போயிற்று. சான்று திரும்பக் கிடைத்தபோது பெரிய கம்பெனிகள் எல்லாம் "சமீபத்தில் ஓட்டிய அனுபவம் இல்லை" என்றன. முப்பது வருடம் ஓட்டியவனிடம். கடைசியில் சர்ச்சில் எங்களுக்குப் பின் வரிசையில் உட்காரும் ஹார்லன் ஸ்ட்ரௌட்தான் கூப்பிட்டுச் சாவி கொடுத்தான். கம்பெனி பெயர் ப்ளூ லாரல். டால்டனில் கம்பளச் சுருள்களை ஏற்றி நாஷ்வில்லில் இறக்கிவிட்டு, அங்கிருந்து வேறு சரக்கோடு திரும்ப வேண்டும்.

காலையில் சீட்டியடித்துக்கொண்டே ஷூ மாட்டினான். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. ஆனால் நாள் முழுக்க மேஜைக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

அக்டோபர் 3, செவ்வாய்

படம் அனுப்பியிருக்கிறான். வெள்ளை லாரி, கதவில் 12 என்று எண், பக்கத்தில் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு என் புருஷன். போனில் குரல் பத்து வயது குறைந்திருந்தது.

அக்டோபர் 5, வியாழன்

லோடு பிடிக்கும் டோபின் என் மேஜைக்கு வந்து, "மிஸ் லவோன், ப்ளூ லாரல் பச்சைதானே? ஒரு கம்பள லோடு கொடுக்கணும்" என்றான்.

"திரையில என்ன இருக்கு?"

"பச்சை. உங்க வீட்டுக்காரர் வேற அங்க ஓட்டுறார். அதைவிட என்ன கியாரண்டி வேணும்?"

போய்விட்டான். எனக்குத்தான் ஏதோ அரித்தது. அந்தக் கம்பெனிக்குப் பச்சை போட்டது யார் என்று பார்த்தேன். ஆகஸ்ட் 17, பதினொன்று ஐம்பத்திரண்டு, லவோன் டீக். சாப்பாட்டுக்கு எட்டு நிமிடம் முன்பு. நான்தான்.

பதிவு நடப்பில் இருக்கிறது. இன்சூரன்ஸ் சரி. கம்பெனி தொடங்கி ஒன்பது மாதம், எங்கள் விதிக்கு ஆறு போதும். சாலைச் சோதனையில் ஓட்டத் தகுதியில்லை என்று நிறுத்தப்பட்ட லாரிகள்: பூஜ்யம் சதவீதம். நாட்டுச் சராசரி இருபதுக்கு மேல். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் மனம் குளிர்ந்து பச்சை போட்டிருக்கிறேன். அதற்கு மேல் வரியில், நடந்த மொத்தச் சோதனைகள்: அதுவும் பூஜ்யம். ஒரு லாரியை ஒருவரும் நிறுத்திப் பார்த்ததே இல்லை. பரீட்சையே எழுதாதவன் ஒரு பாடத்திலும் தோற்கவில்லை என்பது போல.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. ஊருக்குத்தான் உபதேசம்.

ஒன்பது மாதமாக டால்டனுக்கும் நாஷ்வில்லுக்கும் ஓடும் நான்கு லாரிகளை, சாலையோரம் லாரிகளை நிறுத்திச் சோதிக்கும் ஒரு எடைமேடையில்கூட உள்ளே கூப்பிடவில்லையா? அதிர்ஷ்டமா? இல்லை, எடைமேடை திறந்திருக்கும் நேரத்தில் பழைய சாலை வழியாகச் சுற்றுகிறார்களா?

ராய்ஸிடம் போனில் கேட்டேன். "நேத்து ஹார்லன் பழைய ரோட்டுல வரச் சொன்னான். அங்க டிராஃபிக் கம்மி" என்றான்.

அக்டோபர் 8, ஞாயிறு

சர்ச்சில் எல்லோரும் கூடிச் சாப்பிடும் ஞாயிறு. நான் கொண்டுபோன மக்ரோனி பாத்திரத்தில் பாதி மீந்தது. ஹார்லனின் மனைவி நடீன், "அவருக்கு இது உசிரு லவோன், நான் எடுத்துட்டுப் போறேன், பாத்திரத்தை அப்புறம் தரேன்" என்று வாங்கிக்கொண்டாள். ஹார்லன் ராய்ஸின் தோளில் கை போட்டுக்கொண்டு எல்லோருக்கும் அவனைக் காட்டினான். "நாலு பேர் வேணாம்னு தள்ளின ஆளு. என்கிட்ட இருக்கிறதுலயே இவர்தான் சுத்தமான டிரைவர்." ராய்ஸின் காது சிவந்துவிட்டது. எவ்வளவு நாளாயிற்று அவன் இப்படிச் சிரித்து.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்தான். மிச்சமிருந்த பீச் பழ இனிப்பு ஒரு பக்கம், ஒரு கட்டுத் தாள் ஒரு பக்கம். வண்டியை எடுக்கும் முன் தினமும் செய்ய வேண்டிய சோதனையின் தாள். பிரேக், டயர், விளக்கு, ஸ்டீயரிங் என்று வரிசையாகக் கட்டம். ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போட்டுக் கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

திங்கள் தாளில் டிக் போட்டான். செவ்வாய். புதன். இனிப்பு ஒரு வாய். வியாழன்.

"என்ன பண்ற?" என்றேன்.

"வர்ற வாரத்து பேப்பர். ஹார்லன் ஞாயித்துக்கிழமையே எழுதி வச்சிடச் சொல்றான். எல்லாருமே அப்படித்தான் லவோன். விடியக்காலைல குளிர்ல எவன் அடியில போய்ப் படுப்பான்?"

பாத்திரம் கழுவினேன். கழுவியதையே திரும்பக் கழுவினேன்.

அக்டோபர் 9, திங்கள்

தேடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் தேடினேன். ராய்ஸ் வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தான்: "ஹார்லனை மட்டும் உன் மெஷின்ல போட்டுப் பார்க்காத. ஒரு மனுஷனையாவது நம்பு." சரி என்று தலையாட்டியிருந்தேன்.

ப்ளூ லாரலின் உரிமையாளர் பெயர் பதிவேட்டில் N. கிராப்ட்ரீ. ஆகஸ்டில் அது எனக்கு யாரோ ஒருவர். இன்று அந்தப் பெயரிலேயே கண் நின்றுவிட்டது. நடீன் கல்யாணத்துக்கு முன் நடீன் கிராப்ட்ரீ. பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே.

ஹார்லனுக்கு முன்பு ஒரு கம்பெனி இருந்தது, அதுவும் லாரிதான். "வயசாச்சு, மூடிட்டேன்" என்று சொல்லியிருந்தான். அவனாக மூடவில்லை. அரசாங்கம் மூடியிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன், நாஷ்வில் சாலையிலுள்ள மண்டீகிள் மலை இறக்கத்தில் அவன் லாரி ஒன்று பிரேக் பிடிக்காமல் முன்னால் போன பிக்கப்பில் மோதியிருக்கிறது. ஒருவர் சாவு, ஒருவருக்குக் காயம். அதன் பிறகு தணிக்கைக்கு வந்தவர்களுக்கு எந்தத் தாளும் காட்டவில்லை. உரிமம் ரத்து.

ப்ளூ லாரலின் இன்சூரன்ஸ் சான்றிதழில் நான்கு லாரிகளின் சேஸிஸ் நம்பர்கள் இருக்கின்றன. பழைய கம்பெனியின் சோதனைப் பதிவுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஒவ்வொன்றும் பதினேழு எழுத்து. விரல் வைத்துப் படித்தேன். நான்கில் மூன்று அதே லாரிகள்.

பழைய கள், புது மொந்தை. இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

பன்னிரண்டாம் எண் லாரி அந்த மூன்றில் ஒன்று. பழைய பெயரில் ஓடியபோது பிரேக்குக்காக மூன்று முறை நிறுத்தப்பட்டிருக்கிறது.

அக்டோபர் 10, செவ்வாய்

நாற்பத்தொரு கம்பெனி பார்த்தேன். எதைப் பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது.

அக்டோபர் 12, வியாழன்

மழை. நாஷ்வில்லிலிருந்து திரும்பும்போது அந்த இறக்கத்தில்தான் அவன் வர வேண்டும். நாலரை டன் கம்பளமில்லை, திரும்பும்போது இருபது டன் டைல்ஸ்.

முதலாளி பிரிஸ்கோ சாரிடம் சொன்னால் ப்ளூ லாரலுக்குச் சிவப்பு. லோடு குறைந்தால் ஹார்லன் முதலில் யாரை வீட்டுக்கு அனுப்புவான்? கடைசியாக வந்தவனை. சொல்லாவிட்டால்?

சொல்லாவிட்டால் என்ன என்று எழுதக்கூடக் கை வரவில்லை. மூன்று நாளாக இதையேதான் யோசிக்கிறேன் — வேலை போனால் பதினான்கு மாதம் சோபாவில் உட்கார்ந்து வானிலைச் சேனல் பார்த்தானே அந்த ராய்ஸ் திரும்பி வந்துவிடுவான். எனக்கு அவனைப் பார்த்தாலும் பயம், லாரியைப் பார்த்தாலும் பயம். வேறு யாருடைய புருஷனாவது அந்த லாரியில் இருந்தால் திங்கட்கிழமை பத்தரைக்கே சிவப்பு போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். நாளை அவன் வந்ததும் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் 13, வெள்ளி

சொன்னேன்.

"ஹார்லன் பேரை மெஷின்ல போட்டியா?" என்றான்.

"போட்டேன்."

"போடாதன்னு சொல்லியிருந்தேன்."

"ராய்ஸ், அது அதே லாரி. அதே கம்பெனி. ஒருத்தர் செத்திருக்கார்."

"பதினாலு மாசமா எல்லாரும் என் பேரைத்தான் மெஷின்ல போட்டுப் பார்த்தாங்க. ஒருத்தனும் என் மூஞ்சியைப் பார்க்கல. ஹார்லன் பார்த்தான்."

"பிரேக் எப்படி இருக்கு?"

"பிடிக்குது."

"எப்படிப் பிடிக்குது?"

"பழைய லாரி எப்படிப் பிடிக்குமோ அப்படித்தான்." கொஞ்ச நேரம் தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். "கொஞ்சம் முன்னாடியே மிதிக்கணும். அவ்வளவுதான்."

"மண்டீகிள் இறக்கத்துல எவ்வளவு முன்னாடி?"

எழுந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தான், ஒன்றும் எடுக்காமல் மூடினான். அப்புறம் திரும்பாமலே கேட்டான். "உன் கம்ப்யூட்டர்ல நான் என்ன கலர், லவோன்?"

நான் அழுதுவிட்டேன். கோபத்தில்தான். அவனுக்கு அது வேறு மாதிரித் தெரிந்திருக்கும்.

அக்டோபர் 14, சனி

குளிர்சாதனப் பெட்டியை இரண்டு முறை துடைத்தேன். அவன் நாள் முழுக்கக் கொட்டகையில்.

அக்டோபர் 16, திங்கள்

நேற்று சர்ச்சுக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். ராய்ஸ் மட்டும் போனான். அங்கே ஹார்லனிடம் ஏதோ கேட்டிருக்கிறான் போல. இன்று பத்து மணிக்கு அலுவலக எண்ணுக்கே ஹார்லன் கூப்பிட்டான்.

"ஏம்மா லவோன், என்னமோ ஆராய்ச்சியெல்லாம் பண்றியாமே. நேர்லயே கேட்டிருக்கலாம்ல?"

"இப்போ கேக்கறேன். பழைய கம்பெனி ஏன் மூடினீங்க?"

"எல்லாம் சட்டப்படிதான் இருக்கு. நடீன் பேர்ல கம்பெனி நடத்தினா தப்பா? பொம்பளைங்க முன்னுக்கு வர்றது உனக்கே பிடிக்கலன்னா எப்படி?" சிரித்தான். நல்ல சிரிப்பு. இருபது வருடமாகப் பிடித்த சிரிப்பு.

"செத்துப்போனாரே ஒருத்தர்."

"அது டிரைவர் தூங்கிட்டான்."

"பதிவுல பிரேக்னு இருக்கு, ஹார்லன்."

சிரிப்பு நின்றது. "பதிவுல என்ன வேணா எழுதுவாங்க. இங்க நாலு குடும்பம் சாப்பிடுது. அதுல ஒண்ணு உன்னோடது. யோசிச்சுக்கோ."

யோசித்தேன். பிரேக்குக்குப் பணம் செலவழிக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் விழுந்திருப்பேன். அதுதான் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவன் அதைக்கூடச் சொல்லவில்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

காலை எட்டரைக்கு பிரிஸ்கோ சாரின் அறைக்குப் போனேன். சேஸிஸ் நம்பர்களை வரிசையாக அடித்த தாளை மேஜையில் வைத்தேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார். அவர் அதிகம் பேசமாட்டார், பேசினால் பாக்கு மெல்லுவது போல ஒவ்வொரு சொல்லாக.

"உன் வீட்டுக்காரர் இங்கதானே ஓட்டுறார்?"

"ஆமா சார்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். பிடிக்கல."

"ஆகஸ்ட்ல இதுக்குப் பச்சை போட்டது யாரு?"

"நான்தான். பூஜ்யம் சோதனையைப் பார்க்காம, பூஜ்யம் சதவீதத்தைப் பார்த்துப் போட்டுட்டேன்."

கண்ணாடியைக் கீழே இறக்கினார். "அதையும் எழுது. உன் பேரோட" என்றார்.

எழுதினேன். அனுமதி தந்தவரின் தவறு என்று ஒரு வரி, என் பெயர், தேதி. பத்தொன்பது வருடத்தில் என் கோப்பில் முதல் கறை. பிறகு ப்ளூ லாரலுக்குச் சிவப்பு போட்டேன். டோபின் எழுந்து நின்று என்னைப் பார்த்தான்.

மாலை ராய்ஸ் கூப்பிட்டான், வழக்கம்போல நாஷ்வில்லிலிருந்து. சொன்னேன்.

"உன் தப்புன்னு உன் பேர்லயே எழுதிக் கொடுத்தியா?"

"ஆமா."

"யாராவது கேட்டாங்களா?"

"கேட்காட்டியும் எழுதியிருக்கணும்."

வைத்துவிட்டான். கோபமா, என்ன என்று தெரியவில்லை.

அக்டோபர் 19, வியாழன்

என்ன பிரயோஜனம்.

பன்னிரண்டாம் எண் லாரி இன்றும் ஓடுகிறது. எங்கள் அலுவலகம் லோடு தரவில்லை என்றால் வேறு தரகர் தருகிறார். அவர்கள் திரையில் இன்னும் பச்சை. என் சிவப்பு என் மேஜையின் ஓரம் வரைக்கும்தான். பத்தொன்பது வருடமாக ஏதோ சாலையையே காவல் காப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரசாங்கத்துக்குப் புகார் எழுதினேன். பழைய கம்பெனி, புதுக் கம்பெனி, சேஸிஸ் நம்பர்கள், எல்லாம் வைத்து. பெற்றுக்கொண்டோம், பரிசீலிப்போம் என்று பதில் வந்தது. எப்போது என்று இல்லை. ராய்ஸ் வாரத்தில் மூன்று முறை அந்த மலையில் இறங்குகிறான்.

அக்டோபர் 22, ஞாயிறு

இரண்டு பேரும் சேர்ந்தே சர்ச்சுக்குப் போனோம். ஹார்லன் ராய்ஸுக்கு மட்டும் கை கொடுத்தான். நடீன் என்னைப் பார்க்காமல் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள்.

மூன்று மணிக்கு ராய்ஸ் தாள்களை எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்தான். பேசக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். திங்கள் டிக், கையெழுத்து. செவ்வாய் டிக், கையெழுத்து. என்னால் அடக்க முடியவில்லை.

"வியாழக்கிழமை பிரேக் எப்படி இருக்கும்னு ஞாயித்துக்கிழமையே உனக்குத் தெரியுமா?"

சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. பேனாவைப் பிடித்தபடியே இருந்தான். அவன் விரல்கள் வீங்கியிருந்தன. வெறும் ஸ்டீயரிங் பிடித்து வரும் வீக்கமில்லை, இறக்கத்தில் இறுக்கிப் பிடித்து வருவது. அது எனக்குத் தெரியும்.

"நான் கையெழுத்துப் போடறதைத்தானே நீ உன் ஆபீஸ்ல உக்காந்து படிக்கிற," என்றான். "என்ன மாதிரி ஆளுங்க எழுதறதை."

"ஆமா."

"எத்தனை பேர் இப்படி மேஜைல உக்காந்து எழுதறான்னு உனக்குத் தெரியாது லவோன்."

"தெரிய வேண்டாம். எனக்கு ஒருத்தன் உசிரோட வந்தா போதும்."

மிச்ச மூன்று தாள்களை எழுதாமல் மடித்து வைத்துவிட்டு வெளியே போனான். இதை எப்படி எடுத்துக்கொள்வது? காலையில் லாரியில் உட்கார்ந்து எழுதிக்கொள்வான் என்றுதான் நினைக்கிறேன்.

அக்டோபர் 24, செவ்வாய்

ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தால் ராய்ஸ் சோபாவில். செவ்வாய்க்கிழமை அவன் வீட்டில் இருக்கவே கூடாது. கதவருகே அவன் பை, தலையணை, லாரியில் வைத்திருக்கும் சின்ன விசிறி. நாஷ்வில் வழியில் இருக்கும் மான்செஸ்டரிலிருந்து யாரோ பிக்கப்பில் கொண்டுவந்து விட்டார்களாம்.

"வேலை போச்சு" என்றான்.

"ஹார்லனா?"

"போன்லயே சொல்லிட்டான். சாவியை அங்கேயே விட்டுட்டு வான்னு."

"என்னாலதானே?"

டிவி பக்கம் திரும்பினான். வானிலைச் சேனலில் ஓக்லஹோமாவில் ஆலங்கட்டி மழை பெய்துகொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் உயிரோடு இருக்கிறான் என்ற நிம்மதியும், இப்படி உட்காரவைத்தது நான்தான் என்ற குற்ற உணர்ச்சியும் ஒன்றாக வந்தன. கையைப் பிடித்தேன். இழுத்துக்கொள்ளவில்லை. அது போதும் இன்றைக்கு.

அக்டோபர் 26, வியாழன்

வாசலில் என் மக்ரோனி பாத்திரம். சுத்தமாகக் கழுவி, காலியாக. இந்த ஊரில் ஒருத்தி பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தந்தால் உறவு முறிந்தது என்று அர்த்தம், சின்னக் குழந்தைக்கும் தெரியும். நடீன் மணியைக்கூட அடிக்கவில்லை.

அக்டோபர் 29, ஞாயிறு

சர்ச்சுக்கு ராய்ஸும் வரவில்லை. நான் தனியாகப் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்து பாதியில் வந்துவிட்டேன். ராய்ஸ் மூன்று இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். ஒரு இடத்தில் கூப்பிட்டுப் பேசினார்களாம், பிறகு சத்தமில்லை. என்ன கேட்டார்கள் என்றால், "வழக்கமானதுதான்" என்கிறான். அந்தப் பதிலில் ஏதோ இடிக்கிறது. கேட்கவும் எனக்கு யோக்கியதை இல்லை.

ஒன்று மட்டும் விசித்திரம். இவன் சோபாவில் இருக்கிறான், ஆனால் போன தடவை மாதிரி இல்லை. ஆறு மணிக்கு எழுகிறான். முகச்சவரம் செய்கிறான். என் காரின் அடியில் படுத்து பிரேக்கைப் பார்த்தான். நான் கேட்கவே இல்லை.

நவம்பர் 3, வெள்ளி

மதியம் ப்ளூ லாரலின் பக்கத்தைத் திறந்தேன். புகாருக்கு ஏதாவது நடந்திருக்குமா என்று தினமும் திறக்கிறேன், பல் வலிக்கும் இடத்தையே நாக்கு தேடுவது போல.

மொத்தச் சோதனைகள்: 1.

அந்த வரியைத் திறந்து விவரம் பார்த்தேன். அக்டோபர் 24, மதியம் ஒன்று பத்து. மான்செஸ்டர் பக்கத்து எடைமேடை, மலைக்கு முன்னால் இருப்பது. சேஸிஸ் நம்பர் எனக்கு இப்போது மனப்பாடம். பன்னிரண்டாம் எண் லாரிதான். அடியில் படுத்துப் பார்க்கும் முழுச் சோதனை. பத்து பிரேக்கில் நான்கு வேலை செய்யவில்லை. ஓட்டத் தகுதியில்லை, அங்கேயே நிறுத்தப்பட்டது.

அவன் வேலை போனது என் சிவப்பால் இல்லை.

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அது லாரியின் மேல் இல்லை, ஓட்டுநர் மேல். பயணத்துக்கு முன் வண்டியைச் சோதிக்கத் தவறினார். பெயர் போடமாட்டார்கள். பெயர் எனக்குத் தெரியும். அதிகாரி எப்படி அதைக் கண்டுபிடித்திருப்பார்? தாளில் டிக் இருந்திருக்கும், கையெழுத்து இருந்திருக்கும். செவ்வாய்க்கிழமைத் தாளை அவன் என் கண் முன்னால்தான் எழுதினான். அவனாகச் சொன்னால் ஒழிய அந்த வரி வராது.

பிரிஸ்கோ சாரிடம் சொல்லிவிட்டு நான்கு மணிக்கே கிளம்பினேன். ராய்ஸ் வாசலில் இலை வாரிக்கொண்டிருந்தான். காரிலிருந்து இறங்கியதும் கேட்டேன்.

"பத்து நாளா ஏன் சொல்லல?"

வாரியை ஊன்றிக்கொண்டு நின்றான். "பதிவுல வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. நான்தான் உன் வேலையைக் கெடுத்தேன்னு நெனச்சு தினமும் செத்துக்கிட்டிருந்தேன்."

"கெடுத்ததுல உனக்கும் பங்கு உண்டு" என்றான். வாயோரத்தில் லேசாகச் சிரிப்பு. "உடனே சொன்னா நீ ஜெயிச்ச மாதிரி ஆயிடும். அதான் கொஞ்ச நாள் போகட்டும்னு இருந்தேன்."

"எதுக்காக நிறுத்தினாங்க உன்னை?"

"யாரு நிறுத்தினா? பச்சை லைட்டு போட்டு, உள்ள வர வேண்டாம், போய்க்கிட்டே இருன்னுதான் சொன்னாங்க. நான்தான் உள்ள திருப்பினேன். பிரேக் சரியில்ல சார், கொஞ்சம் அடியில படுத்துப் பாருங்கன்னேன்."

"டிரைவர் மேலயும் ஒரு வரி எழுதியிருக்காங்க. அது மூணு வருஷம் உன் பேர்ல நிக்கும், ராய்ஸ். எல்லா ஆபீஸ்லயும் வரும்."

"தெரியும். ஏற்கனவே ஒரு இடத்துல வந்துடுச்சு." இலைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்த ஆபீசர் பேப்பரைப் பார்த்துட்டு, இதுல எல்லாம் சரின்னு டிக் இருக்கேன்னார். அது ஞாயித்துக்கிழமை வீட்ல உக்காந்து போட்டதுன்னு சொன்னேன். சொன்னா உன் பேர்ல எழுத வேண்டியிருக்கும், நிஜமாவே எழுதட்டுமான்னு ரெண்டு தடவை கேட்டார்."

எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்று வருடத்தை நினைத்தால் பயமாகவும் இருந்தது. அந்த மாதிரி வரி உள்ள ஓட்டுநர்களை நானே எத்தனை பேரைத் தள்ளியிருக்கிறேன், ஏன் அந்த வரி வந்தது என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை. இரண்டையும் அவனிடம் சொன்னேன். தலையாட்டிக்கொண்டான். கொட்டகையிலிருந்து இன்னொரு வாரியை எடுத்து வந்தேன், வெளிச்சம் போவதற்குள் இருவருமாக வாசலை முடித்தோம்.